வாள், ஈட்டி, மண்ணெண்ணெய்

சீனத்தின் கடைசிப் பேரரசான சிங் ஆட்சியின் தண்டனைச் சட்டத்தில் ஆயுதங்களைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. குடிமக்கள் வீட்டில் எதையெல்லாம் வைத்திருக்கக் கூடாது என்று அது பட்டியல் போடுகிறது. ஆளுக்கும் குதிரைக்குமான கவசம், கேடயம், சுடுகுழல், பீரங்கி, படைக்கொடி. இவற்றில் ஒன்று பரண்மேல் அகப்பட்டாலும் தடியடி நிச்சயம். எண்ணிக்கை ஏற ஏறத் தண்டனையும் ஏறும். அதே பிரிவின் கடைசியில் ஒரு விலக்கு வருகிறது. வில், அம்பு, ஈட்டி, வாள், மீன் குத்தும் முள்ளீட்டி, வைக்கோல் வாரும் கவைக்கோல் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. முந்தைய மிங் அரசின் சட்டத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட விதி இது.

1900-ஆம் ஆண்டுக் கோடையில் வடசீனச் சமவெளியிலிருந்து கிளம்பி பெய்ஜிங்கையும் தியான்ஜினையும் உலுக்கிய கலகக்காரர்களின் கைகளைப் பாருங்கள். வாள், ஈட்டி, தடி, கவைக்கோல். ஏறக்குறைய அந்த விலக்குப் பட்டியலேதான். தோட்டாவை வாளால் எதிர்க்கப் போன பத்தாம்பசலிகள் என்று அன்றைய ஐரோப்பியப் பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. அந்தக் கேலி இன்றும் தீர்ந்தபாடில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குடியானவன் கையில் எந்த ஆயுதம் இருக்கும் என்பதை அவனுடைய மூடநம்பிக்கை தீர்மானிப்பதற்கு வெகு முன்பே சட்டமும் கொல்லுப்பட்டறையும் தீர்மானித்துவிடுகின்றன.

அவர்கள் தங்களை யிஹெத்துவான் என்று சொல்லிக்கொண்டார்கள். குத்துப் பயிற்சியைப் பார்த்த வெள்ளைக்காரப் பாதிரிமார் வைத்த பெயர் பாக்சர்கள். ஷான்தோங், ஜிலி மாகாணங்களின் வறண்ட ஊர்களைச் சேர்ந்த இளைஞர்கள் அவர்கள். 1897 நவம்பரில் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் கொல்லப்பட்டதைச் சாக்காக வைத்து ஜெர்மனி ஜியாவ்ஜோவ் விரிகுடாவைப் பிடித்துக்கொண்டது. கிறிஸ்தவர்களான ஊர்க்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் நிலம், கோயில் என்று வழக்குகள் முற்றின. 1899-இலும் 1900-இலும் மழை பொய்த்தது. விதைக்க வழியில்லாத வயலில் இளைஞனுக்கு என்ன வேலை? அரசியல் காரணங்களை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது இரும்பும் மரமும்.

அன்றைய வாள்களில் மிகப் பரவலானது மாட்டுவால் வாள். பிடியிலிருந்து ஒடுக்கமாகப் புறப்பட்டு, நுனியை நெருங்கும்போது அகன்று, மேல்நோக்கி வளையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இது புழக்கத்துக்கு வந்தது. அரசுப் படைகளுக்கு இது வழங்கப்பட்டதே இல்லை. சந்தை வாசலில் வித்தை காட்டுகிறவன், வண்டிக்குக் காவல் போகிறவன், ஊர்க் காவல்காரன், கலகக்காரன், இவர்களுடைய வாள் இது. மெல்லிய தகடு, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. நுனி அகலம் என்பதால் வீச்சின் கனம் முன்னால் போய் நிற்கும். கவசம் அணியாத எதிராளியை வெட்ட இது போதும். கவசம் அணிவதே குற்றமான நாட்டில் எதிராளியும் அநேகமாகக் கவசம் இல்லாமல்தான் வருவான்.

செய்முறையில் ஒரு சிக்கனம் இருந்தது. முழு வாளையும் எஃகில் அடித்தால் விலை கட்டாது. அதுவுமன்றி, முழுக்கக் கடினப்பட்ட வாள் சட்டென்று முறியும். ஆகவே கொல்லர்கள் இளகிய இரும்பைப் பிளந்து, நடுவில் எஃகுப் பட்டை ஒன்றைச் சொருகி, உலையில் வெளுக்கக் காய்ச்சி, ஒன்றாக அடித்துச் சேர்ப்பார்கள். வெட்டுவாயில் மட்டும் எஃகு முகம் காட்டும். பிறகு தோய்ச்சல். காய்ச்சிய வாள் நீரில் இறங்கியதும் கரி கலந்த எஃகுப் பட்டை மட்டும் இறுகும். இரண்டு பக்கத்து இரும்பும் இளகியபடியே இருந்து அடியைத் தாங்கும். கதிர் அரிவாளுக்கும் கிட்டத்தட்ட இதே வித்தைதான். அறுவடைக்கு அரிவாள் அடித்த அதே பட்டறையில் பஞ்சத்துக்கு வாள் அடிப்பதற்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து பழைய குதிரை லாடங்கள் கப்பல் கப்பலாகச் சீனத் துறைமுகங்களுக்கு வந்து இறங்கின. சீனக் கொல்லர்கள் அவற்றை அடித்து நீட்டிக் கத்தியும் அரிவாளும் செய்தார்கள். அந்நியனை விரட்டக் கிளம்பிய நாட்டில் அந்நியனின் லாடம் பட்டறை உலையில் காய்ந்துகொண்டிருந்தது.

ஈட்டி இன்னும் மலிவு. இரும்பு ஒரு சாண் இருந்தால் போதும், மிச்சமெல்லாம் மரம். ஆனால் எந்த மரமும் ஆகாது. வடசீனத்தில் வெண்மெழுகு மரம் என்று ஒன்று உண்டு. அந்த இனத்து மரங்களில் வாழும் ஒருவகைப் பூச்சி கக்கும் வெள்ளை மெழுகில் மெழுகுவர்த்தி செய்தார்கள். பெயருக்கு அதுதான் காரணம். மரத்தை அடியோடு வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து நேர்நேராகப் போத்துகள் கிளம்பும். ஈட்டிக் காம்புக்கு அந்தப் போத்து ஒன்றை முழுசாக எடுத்துப் பட்டை உரிப்பார்கள். மரத்தை அறுத்து இழைத்து உருட்டிய கம்பில் நார்கள் நடுநடுவே வெட்டுப்பட்டிருக்கும். வளைத்தால் அங்கேதான் சிம்பு கிளம்பும். முழுப் போத்தில் நார்கள் அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடுவதால் அது வில்லாக வளைந்து திரும்பும். அடி பருத்து நுனி சிறுத்திருப்பதால், அடிக்கைப் பிடியை லேசாகச் சுழற்றினாலே முனை பெரிய வட்டமாகத் துள்ளும். முனைக்குக் கீழே சிவப்பு மயிர்க் குஞ்சம். குத்துப்பட்டவன் ரத்தம் காம்பில் வழிந்து பிடி வழுக்காமல் அது தடுக்கும். முனை எங்கே நிற்கிறது என்று எதிராளியின் கண் தடுமாறவும் செய்யும்.

தடிக்கு ஒரு மாதம், வாளுக்கு ஒரு வருஷம், ஈட்டிக்கு ஆயுள் என்று சீனச் சிலம்பக் கூடங்களில் சொல்வார்கள். 1900-இன் இளைஞர்களுக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. முந்தைய தலைமுறைகளின் மெய்ஹுவாச்சுவான் போன்ற கலைகளைக் கற்க வருஷக்கணக்கில் ஆசானிடம் கிடக்க வேண்டும். ஷான்தோங்கின் வடமேற்கில் பரவிய சாமிக் குத்து அப்படியல்ல. சில நாட்களில் கற்றுவிடலாம். தென்கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டு, மந்திரம் சொல்லி, மூச்சு வாங்கிக் கீழே விழுந்து எழுந்தால் சாமி இறங்கிவிடும். இறங்கிய சாமிகள் யார் என்பதுதான் ஆயுத வரலாற்றுக்காரன் கவனிக்க வேண்டிய இடம். குவான் யூ, ஜாங் ஃபெய், குரங்கரசன் சுன் வுகோங். மூவரும் ஊர்த் திருவிழா மேடையில் வருகிறவர்கள். குவான் யூவுக்கு நீண்ட காம்பில் பிறைவாள், ஜாங் ஃபெய்க்குப் பாம்பு ஈட்டி, வுகோங்குக்குத் தடி. மேடையில் பார்த்த சாமி உடம்பில் இறங்கும்போது மேடையில் பார்த்த ஆயுதமும் கைக்கு வருகிறது. இந்தக் கலகத்துக்கும் ஊர்க் கூத்துக்கும் உள்ள உறவை வரலாற்றாசிரியர் ஜோசப் எஷெரிக் 1987-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இனி தோட்டா. ‘குண்டு எங்களைத் துளைக்காது’ என்ற நம்பிக்கை துப்பாக்கியே அறியாத பட்டிக்காட்டில் பிறந்தது என்று நினைத்தால் தப்பு. அதை 1890-களில் பரப்பிய பெருவாள் சங்கம் ஷான்தோங்கின் தென்மேற்கு மூலையில், சாவ்ஜோவ் வட்டாரத்தில் இருந்தது. கொள்ளையர் மலிந்த பூமி. 1895-இல் ஜப்பானிடம் சீனம் தோற்ற பிறகு கலைக்கப்பட்ட படைகளின் நவீனத் துப்பாக்கிகள் அந்தக் கொள்ளையர் கைக்குப் போயின. நிலக்காரனிடமோ சட்டம் அனுமதித்த வாள்தான். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் சங்கத்தின் ‘பொன்மணிக் கவசம்’ என்ற சாதகம். இரவில் ஊதுவத்தி ஏற்றி முழந்தாளிட வேண்டும். மந்திரச் சீட்டை எரித்த சாம்பலை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். செங்கல்லாலும் தடியாலும் உடம்பை அடித்து உரமேற்ற வேண்டும். துப்பாக்கி இருந்ததால் பிறந்த மந்திரம் அது. சங்கத் தலைவர் லியூ ஷிதுவான் 1896-இல் அரசாங்கத்தாரால் கொல்லப்பட்டார். மந்திரம் தொடர்ந்து பரவியது.

சந்தையில் காட்டிய வித்தைகளில் ஒரு பகுதிக்கு விளக்கம் சுலபம். வயிற்றில் வாளை வைத்து அழுத்தினாலும் தோல் அறுபடாது என்பது உண்மையே. கூர்முனை அறுப்பதற்கு அழுத்தம் மட்டும் போதாது, இழுவையும் வேண்டும். பழுத்த தக்காளியின்மேல் கத்தியை நேராக வைத்து அழுத்தினால் அது நசுங்கும், லேசாக இழுத்தால் உடனே வாய்விடும். இழுக்கும்போது விளிம்பு தோலின் நார்களைப் பக்கவாட்டில் கத்தரிப்பதால் அறுக்கத் தேவையான விசை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வாளை இழுக்காமல் ஓங்கி ‘வைக்க’த் தெரிந்தவன், வயிற்றுத் தசையை இறுக்கத் தெரிந்தவனோடு சேர்ந்தால் வித்தை நடந்துவிடும். மூச்சுப் பயிற்சியும் ஆவேசமும் வலியை மழுங்கச் செய்யும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் வயிற்றிலேயே சோதித்துப் பார்த்தவன் பெரும்பாலும் நம்பத்தான் செய்வான்.

ஆனால் துப்பாக்கிக் குண்டு? அந்த நம்பிக்கை எப்படித் தலைமுறை தலைமுறையாக உயிரோடு இருந்தது? இதற்கு விடை குழாயின் உட்புறத்தில் இருக்கிறது.

1774-இல் இதே ஷான்தோங்கில் வாங் லுன் என்பவர் கலகம் செய்து லின்சிங் நகரத்தை முற்றுகையிட்டார். குண்டு படாது என்ற மந்திரம் அவருடைய ஆட்களிடமும் இருந்தது. மதில்மேலிருந்து சுட்ட குண்டுகள் அவர்கள்மேல் படவும் இல்லை. திகைத்துப்போன அதிகாரிகள் பெண்களை மதில்மேல் ஏற்றி, கறுப்பு நாயின் ரத்தத்தைத் தெளித்து மந்திரத்தைக் கெடுத்தார்கள். அதன் பிறகு சுட்டதில் ஆள் விழுந்தான் என்பது அரசுத் தரப்பின் பதிவு. மந்திரம் உண்டு, மாற்று மந்திரமும் உண்டு என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனார்கள் என்பது இதில் ரசமான விஷயம்.

அன்றைய திரித் துப்பாக்கியின் குழாய் உள்ளே வழவழப்பானது. குண்டு உருண்டை ஈயம், குழாயைவிடச் சற்றுச் சிறியது. மருந்து வெடித்ததும் அது குழாயின் சுவர்களில் மாறி மாறி மோதிக்கொண்டு வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதைப் பொறுத்து அதன் சுழற்சி அமையும். சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். எந்தப் பக்கம் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. நூறு மீட்டருக்கு அப்பால் குறி என்பது வெறும் ஆசைதான். மறுபடி மருந்து இட்டு, குண்டு இட்டு, இடித்துச் சுட அரை நிமிஷத்துக்கு மேலாகும். ஓடி வருகிற ஆள் நூறு மீட்டரை இருபது விநாடியில் கடந்துவிடுவான். அதாவது ஒரு துப்பாக்கிக்காரன் அவனை ஒரே ஒரு முறைதான் சுட முடியும், அதுவும் பெரும்பாலும் தப்பும். நூறு பேர் ஓடினால் தொண்ணூறு பேருக்கு மந்திரம் பலித்துவிடும். விழுந்த பத்துப் பேர்? விரதத்தில் குறை வைத்தவர்கள். இப்படிப்பட்ட கணக்கில் எந்த மந்திரமும் தோற்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பியர்கள் குழாய்க்குள் திருகு வரிகள் வெட்டி, நீள்வடிவத் தோட்டாவைத் தன் அச்சிலேயே சுழலவைத்தார்கள். சுழலும் தோட்டா தலைகுப்புறாமல் நேராகப் போகும். பின்வழியாகத் தோட்டா இடும் முறையும் புகையில்லா மருந்தும் அதோடு சேர்ந்தன. 1900-இல் பிரிட்டிஷ் மாலுமியிடம் இருந்த லீ-மெட்ஃபோர்ட் துப்பாக்கியின் தோட்டா விநாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் கிளம்பும். குறிபார்த்தே நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சுடலாம். நானூறு மீட்டர் திறந்தவெளியில் ஓடி வருகிறவன் எண்பது விநாடி அதன் முன்னால் இருக்கிறான். ஒரு குண்டு என்ற பழைய கணக்கு பதினாறு குண்டாகிவிட்டது. ஒவ்வொன்றும் குறிக்குப் போகிற குண்டு. இதோடு நிமிஷத்துக்கு ஐந்நூறுக்கு மேல் சுடும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரித் துப்பாக்கி யுகத்தில் அளவெடுத்துத் தைத்த கவசத்தை இந்த யுகத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள் அந்த இளைஞர்கள்.

ஒரு கிளைக்கதை. புதிய தோட்டாக்கள் மெல்லியவை, செம்புக்கலவை உறை போட்டவை. மூளை, தண்டுவடம், இதயம் தவிர வேறெங்கு பட்டாலும் ஆளை உடனே சாய்க்காமல் ஊடுருவிப் போய்விடும். பட்டவன் இன்னும் பத்தடி ஓடி வருவான். பார்க்கிறவனுக்கு அது மந்திரம்தான். இந்தக் குறையைப் போக்க என்றே கல்கத்தாவுக்கருகில் டம்டம் தொழிற்சாலையில் முனை விரியும் தோட்டா செய்தார்கள். 1899-இல் ஹேக் மாநாடு அதற்குத் தடை விதித்தது. மெல்லிய தோட்டாவின் இன்னொரு பயனாளி பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஜெல்லிக்கோ. 1900 ஜூன் 21 அன்று தியான்ஜினுக்கருகில் அவருடைய நுரையீரலில் குண்டு பாய்ந்தது. பிழைக்க மாட்டார் என்றே எண்ணினார்கள். பிழைத்தார், பதினாறு வருஷம் கழித்து ஜட்லாண்ட் கடற்போரில் பிரிட்டனின் பெருங்கடற்படையை நடத்தினார்.

அந்த ஜெல்லிக்கோ அங்கே போனதே ஒரு ரயில் பயணத்துக்காக. பெய்ஜிங்கிலுள்ள தூதரகங்களைக் காப்பாற்ற அட்மிரல் சீமோர் தலைமையில் எட்டு நாட்டு மாலுமிகளும் வீரர்களுமாகச் சுமார் 2,000 பேர் ஜூன் 10 அன்று தியான்ஜினிலிருந்து ரயிலேறினார்கள். தூரம் 120 கிலோமீட்டர்தான். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். போய்ச் சேரவே இல்லை. லாங்ஃபாங் அருகே முன்னால் தண்டவாளம் இல்லை. கட்டைகளை எரித்து, தண்டவாளங்களைப் பெயர்த்து எறிந்திருந்தார்கள். பழுது பார்த்து நகர்வதற்குள் பின்னாலும் பெயர்த்துவிட்டார்கள். திறந்த வயலில் ஈட்டியோடு பாய்ந்தவர்கள் வரிசை வரிசையாக விழுந்தார்கள். அதே லாங்ஃபாங்கில் காவல் நின்ற இத்தாலிய மாலுமிகள் ஐந்து பேரை அசந்த நேரத்தில் நெருங்கி வெட்டிக் கொன்றார்கள். கைக்கெட்டும் தூரத்தில் வாள் வாள்தான். கடைசியில் சீமோர் ரயில்களைக் கைவிட்டு ஆற்றங்கரையோடு நடந்தே திரும்பினார். அவர் படையில் 62 பேர் மாண்டார்கள். இந்தப் படையெடுப்பை நிறுத்திய ஆயுதம் எது என்று கேட்டால் கடப்பாரை என்பேன். சட்டப் புத்தகத்தில் தடை செய்யவும் தோன்றாத, அனுமதிக்கவும் தோன்றாத கருவி.

திரும்பும் வழியில் சீமோரின் ஆட்கள் ஷீகு என்ற இடத்திலிருந்த சீன அரசாங்க ஆயுதக் கிடங்குக்குள் புகுந்துகொண்டார்கள். உள்ளே க்ருப் பீரங்கிகள், துப்பாக்கிகள், லட்சக்கணக்கில் தோட்டாக்கள், அரிசி மூட்டைகள். அவற்றை வைத்தே மீட்புப்படை வரும்வரை தாக்குப்பிடித்தார்கள். சீனத்தில் நவீன ஆயுதம் இல்லாமலில்லை. ஷாங்காயின் ஜியாங்னான் தொழிற்சாலை 1865-இலேயே தொடங்கியது. ஹான்யாங்கில் ஜெர்மானிய மாதிரித் துப்பாக்கியைச் செய்துகொண்டிருந்தார்கள். அவையெல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தன. குடியானவனிடம் துப்பாக்கியைக் கொடுத்தாலும் தோட்டாவுக்கு எங்கே போவான்? பித்தளைக் கூடும் வெடிமூடியும் ஊர்ப் பட்டறையில் ஆகிற காரியமில்லை. ஒரு வாள் முனை மழுங்கினால் சாணை பிடிக்கலாம்.

கடப்பாரைக்கு அடுத்த ஆயுதம் நெருப்பு. ஜூன் 16 அன்று பெய்ஜிங்கின் கடைவீதியான தாஷிலானில் அயல்நாட்டு மருந்து விற்ற ஒரு கடைக்கு யிஹெத்துவான்காரர்கள் தீ வைத்தார்கள். மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு அந்தக் கடையை மட்டும் தீ தின்னும் என்று சொல்லி, அக்கம்பக்கத்தார் அணைக்க வந்ததைத் தடுத்தார்கள். காற்று வேறு மாதிரி நினைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் போயின. ச்சியன்மென் வாயிலின் கோபுரமும் எரிந்தது. இத்தகைய தீவைப்புகளுக்கெல்லாம் வாகாகக் கிடைத்தது மண்ணெண்ணெய். அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் தகர டின்களில் வந்து ஊர் விளக்குகளில் எல்லாம் நுழைந்துவிட்டிருந்த சரக்கு அது. அந்நியச் சரக்கை வெறுத்தவர்கள் இந்த ஒன்றை மட்டும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள்.

மதிலுக்குப் பின்னால் இருந்தவனை ஈட்டி என்ன செய்யும் என்பதற்குப் பெய்ஜிங்கின் பெய்தாங் தேவாலயம் சாட்சி. பிரெஞ்சு, இத்தாலிய மாலுமிகள் நாற்பது பேருக்குச் சற்று அதிகம். உள்ளே தஞ்சம் புகுந்தவர்கள் மூவாயிரத்துக்கு மேல். இரண்டு மாதம் சூழ்ந்து நின்றும் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்த பெண்களின் தீட்டு மந்திரத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள் வெளியே நின்றவர்கள். லின்சிங்கின் அதே விளக்கம், 126 வருஷத்துக்குப் பிறகு. அந்த மதிலைக் கொஞ்சமாவது உடைத்தது நிலத்தடியில் தோண்டி வைத்த வெடிகள்தான். தூதரகப் பகுதியில் ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 14 வரை நடந்த முற்றுகையில் சுட்டவர்கள் பெரும்பாலும் மௌசர் ஏந்திய அரசுப் படையினர். அங்கே உள்ளிருந்தவர்களும் திண்டாடினார்கள். ரஷ்யர்கள் குண்டுகளைக் கொண்டுவந்துவிட்டுப் பீரங்கியைத் தியான்ஜின் ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டார்கள். பழைய இரும்புக்கு நடுவில் கிடைத்த, 1860 போர்க்காலத்துக் குழாய் ஒன்றை இத்தாலிய வண்டியில் கட்டி, ரஷ்யக் குண்டைப் போட்டு, ஓர் அமெரிக்க மாலுமி சுட்டார். குறி என்று எதுவும் அதற்கு இல்லை, சத்தம் மட்டும் பலம். வசதியற்றவன் கையில் கிடைத்ததைக் கட்டிச் சண்டைபோடுவது மதிலின் இரு பக்கமும் நடந்தது.

1901 செப்டம்பர் 7 அன்று கையெழுத்தான உடன்படிக்கை சீனத்தின்மேல் 45 கோடி தாயெல் வெள்ளி அபராதம் சுமத்தியது. ஆயுத இறக்குமதிக்கும் இரண்டு வருஷத் தடை. வாளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

வாள் அதன் பிறகும் ஓய்ந்துவிடவில்லை. 1933 மார்ச்சில் ஜப்பானியர் பெருஞ்சுவரின் ஷீஃபெங்கோ கணவாய்க்கு வந்தபோது எதிரே நின்றது சீனத்தின் 29-ஆம் படை. ஆயுதத் தட்டுப்பாடு மிக்க படை. பலருடைய துப்பாக்கிக்கு முனைக்கத்தியே கிடையாது. அதற்குப் பதில் முதுகில் ஒரு பெருவாள். ஆசான்களை வைத்து அதற்கென்று சுருக்கமான வெட்டு முறைகளும் பழக்கியிருந்தார்கள். படைப்பிரிவுத் தலைவர்களில் ஒருவரான ஜாவ் தெங்யூ பெருவாள் சங்கம் தோன்றிய அதே சாவ்ஜோவ் வட்டாரத்துக்காரர். அவருடைய ஆட்கள் மந்திரச் சாம்பல் எதையும் குடிக்கவில்லை. பகலில் பாயவும் இல்லை. கையெறி குண்டும் வாளுமாக இரவில் மலைப்பாதை சுற்றிப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஜப்பானிய முகாமுக்குள் இறங்கிப் பீரங்கிகளை உடைத்துவிட்டு விடிவதற்குள் திரும்பினார்கள்.